கான்கார்டு முதல் படாளம் வரை: இருக்கை யாருக்கு, இடி யாருக்கு?

விமானத் தொழிலில் அரசாங்கம் கை வைக்கலாமா என்று கேட்டால் நம்மிடையே இரண்டே இரண்டு பதில்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று: "டாடா நல்லா நடத்திட்டு இருந்தார், அரசாங்கம் பிடுங்கிச்சு, நாசமாப் போச்சு." இன்னொன்று: "நிலாவுக்கே ராக்கெட் விடுறோம், ஒலியை மிஞ்சிப் பறக்கிற பயணிகள் விமானம் நம்மால செய்ய முடியாதா? அரசாங்கம் மனசு வெச்சா முடியும்." முதல் பதிலுக்கு அரசாங்கம் வில்லன், இரண்டாவதற்கு ஹீரோ. இரண்டுமே சினிமாக் கதை என்பதுதான் என் விமர்சனம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் பூம் என்ற தனியார் நிறுவனத்தின் எக்ஸ்பி-1 என்கிற சோதனை விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டியது. அதே ஆண்டு ஜூனில், தரைக்கு மேலே சூப்பர்சானிக் வேகத்தில் பயணிகள் விமானம் பறக்க அங்கே 1973 முதல் இருந்துவந்த தடையை நீக்கச் சொல்லி அமெரிக்க அதிபர் உத்தரவு போட்டார். அக்டோபரில் நாசாவின் எக்ஸ்-59 முதல்முறையாகப் பறந்தது. ஆக, கான்கார்டோடு முடிந்துபோனதாக நினைத்த பேச்சு மறுபடி ஆரம்பித்திருக்கிறது. இன்னும் சில வருடங்களில் நம் வானத்துக்கும் அந்தக் கேள்வி வரும். அதற்குள் பழைய கணக்கை ஒருமுறை சரியாகப் பார்த்துவிடுவது நல்லது.

கான்கார்டு: ஜெயித்த இயந்திரம், தோற்ற கணக்கு

1962 நவம்பரில் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து கான்கார்டு செய்ய ஒப்பந்தம் போட்டன. அது கம்பெனிகளுக்குள் போட்ட ஒப்பந்தம் அல்ல. இரண்டு நாடுகளுக்குள் போட்ட உடன்படிக்கை. நடுவில் ஒருவர் விலகிக்கொள்ள அதில் வழியே வைக்கவில்லை. 1964இல் பிரிட்டனில் ஆட்சி மாறியது. புதிய அரசு திட்டத்தைக் கைவிடலாமா என்று யோசித்தது. ஆனால் விலகினால் பிரான்ஸ் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகும் என்ற பயத்தில் தொடர்ந்தது. ஆரம்பத்தில் சொன்ன மதிப்பீடு ஏறக்குறைய 70 மில்லியன் பவுண்டு. முடிந்தபோது செலவு ஒரு பில்லியன் பவுண்டைத் தாண்டியிருந்தது.

இயந்திரமாகப் பார்த்தால் கான்கார்டு ஓர் அற்புதம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். 1969இல் முதல் பறப்பு. 1976 ஜனவரி 21 அன்று பயணிகள் சேவை. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு சுமார் மூன்றரை மணி நேரம். ஆனால் மொத்தம் செய்யப்பட்டவை 20 விமானங்கள். அவற்றில் பயணிகள் சேவைக்குப் போனவை 14. அந்த 14ஐயும் எடுத்துக்கொண்டவை இரண்டே நிறுவனங்கள்: பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஏர் பிரான்ஸ். இரண்டும் அன்றைக்கு அந்தந்த நாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமானவை. அதாவது செய்தவரும் அரசு, வாங்கியவரும் அரசு. சொந்தக் காசைப் போட்டு ஒரு தனியார் நிறுவனம்கூட வாங்கவில்லை. பான் ஆம், டிடபிள்யூஏ இரண்டும் 1973 ஜனவரி இறுதியில் தங்கள் முன்பதிவுகளை விட்டுவிட்டன. அதன் பிறகு வரிசையில் நின்ற மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"அப்புறம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கான்கார்டில் லாபம் பார்த்ததே?" என்று கேட்கலாம். பார்த்தது, உண்மைதான். எப்போது? 1980களில், விமானங்களை அரசாங்கத்திடமிருந்து 16.5 மில்லியன் பவுண்டு போன்ற ஒரு சொற்ப விலைக்கு வாங்கிக்கொண்ட பிறகு. தங்கள் டிக்கெட் என்ன விலை என்று பயணிகளிடம் கேட்டபோது, உண்மை விலையைவிட அதிகமாகவே யூகித்துச் சொன்னார்களாம். உடனே நிறுவனம் கட்டணத்தை ஏற்றியது. வீடு கட்டிய கடனை அப்பா அடைத்துவிட்டுப் போனால், மகன் வாடகையில் லாபம் பார்ப்பது பெரிய சாமர்த்தியம் இல்லை. அந்த லாபத்தில் கட்டிய செலவு சேரவில்லை. கட்டிய செலவைக் கொடுத்த வரிதாரர்களில் மிகச் சிலரே அதில் ஏறியிருப்பார்கள்.

போட்டிக்குச் செய்த மற்ற இருவர் கதையும் இதற்குத் துணை. சோவியத்தின் டியூ-144 கான்கார்டுக்கு முன்பே, 1968 டிசம்பர் 31இல் பறந்து காட்டியது. பயணிகளோடு அது பறந்தது மொத்தமே 55 முறை, 1978இல் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் போயிங் 2707 பறக்கவே இல்லை. 1971இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. இந்த அரசுகளில் குறைந்த நஷ்டத்தோடு தப்பியது, முதலில் 'போதும்' என்று சொன்ன அரசுதான். இதில் கவனிக்க வேண்டியது, அமெரிக்காவும் அரசுப் பணத்தைத்தான் போட்டது. ஆனால் அங்கே நிறுத்துவதற்கு ஒரு கதவு இருந்தது. ஐரோப்பியர்கள் அந்தக் கதவையே வைக்காமல் வீடு கட்டினார்கள்.

நம் தலைக்கு மேலே

இந்தக் கதையில் இந்தியாவும் ஒரு பாத்திரம் என்பது பலருக்குத் தெரியாது. ஏர் இந்தியா 1960களில் இரண்டு கான்கார்டுகளுக்கு முன்பதிவு செய்திருந்தது. போயிங் 2707க்கும் வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தது. கடைசியில் எதையும் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக 1971இல் வாங்கியது ஜம்போ ஜெட், போயிங் 747. வேகத்தில் கான்கார்டுக்குப் பாதிகூட இல்லை. ஆனால் கான்கார்டில் நூறு பேர் போகிற இடத்தில் ஜம்போவில் முந்நூற்றுச் சொச்சம் பேர் போகலாம். உலகம் முழுக்கச் சாதாரண மனிதர்களை விமானத்தில் ஏற்றியது வேகம் அல்ல, ஒரு இருக்கைக்கு ஆகும் செலவு குறைந்ததுதான். கும்பகோணத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களுக்கு மூன்று மணி நேரம் மிச்சமாவது பெரிதில்லை. டிக்கெட்டுக்கு வாங்கும் கடன் குறைவதுதான் பெரிது.

வாங்காதது ஒரு முடிவு. இன்னொரு முடிவு அதைவிட முக்கியமானது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு சேர்ந்து லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் வழியில் கான்கார்டை ஓட்டியது. விமானத்தின் ஒரு பக்கம் சிங்கப்பூர் நிறுவனத்தின் வண்ணம், மறுபக்கம் பிரிட்டிஷ் வண்ணம். 1977 டிசம்பரில் ஆரம்பித்தது. மூன்று முறை போய்வந்ததோடு நின்றது. மலாக்கா நீரிணைக்கு மேலே அந்த வேகத்தில் பறக்க மலேசியா ஆட்சேபித்தது. 1979 ஜனவரியில் மறுபடி தொடங்கி 1980 நவம்பரில் முற்றிலும் நின்றுபோனது. இந்தியாவும் தன் நிலத்துக்கு மேலே ஒலியை மிஞ்சிய வேகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. உலகிலேயே வேகமான பயணிகள் விமானம், ஒன்று மெதுவாகப் போக வேண்டும், இல்லை சுற்றிப் போக வேண்டும். அப்புறம் அந்த விலைக்கு எதற்கு அது?

இதைப் 'பொறாமை', 'பிற்போக்கு' என்று அந்தக் காலத்தில் சொன்னவர்கள் உண்டு, இன்றும் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.

ஒலியின் வேகத்தைத் 'தாண்டும் அந்த நொடியில்' மட்டும் ஒரு வெடிச்சத்தம் கேட்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வரைக்கும், கப்பலுக்குப் பின்னால் அலை விரிகிற மாதிரி, அழுத்த அலையொன்று விமானத்தோடு கூடவே இழுபட்டு வரும். அது தரையைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் ஓர் இடி. அந்தப் பட்டையின் அகலம், ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு மைல் என்று கணக்கு வைப்பார்கள். 50,000 அடியில் பறந்தால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர்.

இதை நம்ம வரைபடத்தில் வைத்துப் பார்ப்போம். வங்கக் கடலிலிருந்து மாமல்லபுரத்துக்கு மேலே கரையேறி, உத்திரமேரூர் வழியாக மேற்கே ஒரு கான்கார்டு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் 40 கிலோமீட்டர். வடக்கே மீனம்பாக்கம் வரை. தெற்கே அச்சரப்பாக்கத்தைத் தாண்டித் திண்டிவனம் பக்கம் வரை. நடுவில் செங்கல்பட்டு, மதுராந்தகம், வேடந்தாங்கல் எல்லாம் அடக்கம். விமானத்துக்குள் நூறு பேர். கீழே பல லட்சம் பேர். மேலே இருப்பவர்களுக்குச் சத்தமே கேட்காது. கீழே இருப்பவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் கிடைக்கும்.

அந்த இடி எப்படியிருக்கும் என்று பெங்களூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2020 மே மாதம் விமானப்படையின் ஒரு சோதனைப் பறப்பு ஊரையே வாசலுக்கு வரவைத்தது. அது ஒரே ஒரு முறை. 1964இல் அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டி மக்கள் மேல் ஆறு மாதத்தில் 1,253 முறை வேண்டுமென்றே அந்த இடியை இறக்கிச் சோதித்தார்கள். முடிவில் 27 சதவீதம் பேர் இதோடு வாழ முடியாது என்றார்கள். "அப்போ 73 சதவீதம் பேருக்குச் சரிதானே" என்று அதை வாசிக்கவும் ஆள் இருந்தது! ஆனால் அங்கே கேட்ட கேள்வி 'பழகிக்கொள்வீர்களா' என்பது. 'உங்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது' என்று கேட்டிருந்தால் பதில் வேறாக வந்திருக்கும்.

வேடந்தாங்கலைச் சும்மா பட்டியலுக்காகச் சொல்லவில்லை. அங்கே சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. சட்டம் போட்டு அல்ல, தாங்களாகவே. சத்தத்துக்கு ஒரு விலை உண்டு, அதை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்தக் கிராமத்துக்குத் தெரிந்திருக்கிறது. விமானத் துறையைப் பற்றி எழுதுகிற பல பேருக்கு அது தெரியவில்லை.

ஆகவே என் முதல் முடிவு: இந்திய அரசு கான்கார்டு விஷயத்தில் செய்த நல்ல காரியம், 'வேண்டாம்' என்றது. அதுவும் அரசுத் தலையீடுதான். இன்னும் சொல்லப்போனால் அந்தத் தலையீட்டை அரசைத் தவிர வேறு யாராலும் செய்திருக்கவே முடியாது. அச்சரப்பாக்கத்தில் கடை வைத்திருப்பவர் பிரிட்டிஷ் ஏர்வேஸோடு பேரம் பேச முடியாது.

டாடா கதையில் விடுபட்ட 25 வருடம்

இப்போது முதல் சினிமாவுக்கு வருவோம். 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இந்திய விமானச் சேவையின் பிறந்த நாளிலேயே சென்னைக்கு இடம் உண்டு. ஆனால் அந்தச் சேவை நின்றதே அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தத்தில்தான். 1948இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் தொடங்கியபோது அதில் 49 சதவீதம் அரசின் பங்கு. 1953இல் சட்டம் போட்டு நாட்டுடைமை ஆக்கினார்கள்; உள்நாட்டு நிறுவனங்கள் எட்டையும் இந்தியன் ஏர்லைன்ஸாக இணைத்தார்கள். ஜே.ஆர்.டி.க்கு அதில் உடன்பாடு இல்லை. இது வரைக்கும் எல்லோரும் சொல்கிற கதைதான்.

சொல்லாமல் விடுவது: நாட்டுடைமைக்குப் பிறகும் 1978 வரை ஏர் இந்தியாவின் தலைவராக இருந்தவர் அதே ஜே.ஆர்.டி. 1962இல் தன் விமானங்கள் எல்லாவற்றையும் ஜெட்டாக மாற்றி முடித்தது, மகாராஜா பொம்மையை உலகம் அடையாளம் கண்டது, ஜம்போ வாங்கியது எல்லாம் அந்த 25 வருடத்தில்தான். 'அரசாங்கம் எடுக்கிறதுக்கு முன்னாடி பொற்காலம்' என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அரசாங்கம் எடுத்த பிறகு நடந்தது! 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை விலக்கியது.

அப்படியானால் கெட்டது எது? அரசு முதலாளியாக இருந்தது அல்ல. முதலாளி, நடுவர், சலுகை கேட்கிற விருந்தாளி என்று மூன்று வேஷத்தையும் ஒரே ஆள் போட ஆரம்பித்ததுதான். 2000களின் நடுவில் இரண்டு அரசு நிறுவனங்களுக்கும் சேர்த்து 111 விமானங்கள் வாங்க முடிவு. 2007இல் இரண்டையும் இணைப்பு. 2021 ஆகஸ்டு முடிவில் ஏர் இந்தியாவின் கடன் 61,562 கோடி ரூபாய். டாடா எடுத்துக்கொண்டது அதில் 15,300 கோடி. ரொக்கமாகக் கொடுத்தது 2,700 கோடி. மீதி 46,262 கோடிக் கடன் அரசின் கணக்கில் தங்கியது. கான்கார்டில் பார்த்த அதே கணக்கு இங்கேயும். பழைய கடனை வரிதாரர் சுமக்க, புதிய நிர்வாகம் புதுசாகத் தொடங்குகிறது. நாளைக்கு ஏர் இந்தியா லாபம் காட்டினால், 'பார்த்தியா, தனியார்னா இப்படித்தான்' என்று யாராவது சொல்லும்போது இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விருந்தாளி வேஷத்துக்குப் பக்கத்து நாட்டில் ஓர் உதாரணம். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸை 1998 முதல் எமிரேட்ஸ் நிர்வகித்தது. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து வரும் விமானத்தில், டிக்கெட் வாங்கியிருந்த பயணிகளை இறக்கிவிட்டு அதிபரின் பரிவாரத்துக்கு இடம் கொடுக்கத் தலைமை அதிகாரி பீட்டர் ஹில் மறுத்தார். அவருடைய பணி அனுமதி ரத்தானது. 2008இல் எமிரேட்ஸ் நிர்வாகப் பொறுப்பை விட்டுப் போனது. அப்புறம் நஷ்டம் அந்நாட்டு மக்களின் தலையில்.

உடான்: எண்ணிக்கையில் ஏறியது, தரையில் இறங்கியது

அரசு பணம் கொடுத்துச் சின்ன ஊர்களை இணைப்பது நியாயம்தானே? நியாயம்தான். பஸ் ஓடாத ஊருக்கு அரசு பஸ் விடுகிற மாதிரி. 2016இல் வந்த உடான் திட்டத்தின் எண்ணம் நல்ல எண்ணம்: ஒரு மணி நேரப் பறப்புக்கு ஏறக்குறைய 2,500 ரூபாய் என்று கட்டணத்துக்கு உச்சவரம்பு, நிறுவனத்துக்கு விழும் துண்டை ஈடுகட்ட மூன்று வருடத்துக்குப் பணம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி மற்ற விமானங்கள் மேல் போடும் தீர்வையிலிருந்து வருகிறது.

2023இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை என்ன சொன்னது? மூன்றாம் சுற்று வரை கொடுத்த 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று வருடம் முழுசாக ஓடியவை 112. உதவி நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. அதாவது நூற்றுக்கு ஏழு. நம் சேலத்துக்கு 2018இல் உடானில் விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023இல் மறுபடி வந்தது. சேலத்துக்காரர்கள் இதை நம்பித் தொழில் திட்டம் போட முடியுமா?

இதற்காகத் திட்டமே வீண் என்று நான் சொல்லவில்லை. ஓடுகிற 54 நிஜம். ஆனால் கணக்கு எடுக்க ஓர் அமைப்பு இருந்ததால்தான் இந்த 54 என்ற எண்ணே நமக்குத் தெரிகிறது. கௌரவத் திட்டங்களுக்கு அப்படி எண் கிடைப்பதில்லை. 'தேசத்தின் பெருமை' என்று ஒரு சொல்தான் கிடைக்கும்.

படாளம் தப்பியது, பரந்தூர் மாட்டியது

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பார்த்த நான்கு இடங்கள்: படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர். அச்சரப்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் வடக்கே போய் மதுராந்தகத்தைத் தாண்டினால் படாளம். வேடந்தாங்கல் அங்கிருந்து கூப்பிடு தூரம் மாதிரி. படாளமும் திருப்போரூரும் கழிந்ததற்குச் சொன்ன காரணங்கள், கல்பாக்கம் அணுமின் நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும். 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவிப்பு வந்தது. 13 கிராமங்கள், 5,000 ஏக்கருக்கு மேல், அதில் ஏரிகளும் வயல்களும் கம்பன் கால்வாயும். ஏகனாபுரம் மக்கள் அன்று முதல் எதிர்த்து நிற்கிறார்கள். கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

இங்கே கவனியுங்கள். ஓர் இடத்தைத் தள்ளுபடி செய்ய அணுமின் நிலையத்தால் முடிகிறது, விமானப்படையால் முடிகிறது. ஏரியால் முடியவில்லை, கிராம சபையால் முடியவில்லை. படாளம் தப்பியது வேடந்தாங்கல் பறவைகளாலோ நெல் வயல்களாலோ என்று நினைத்தால் அது நம் ஆசை. கல்பாக்கம் இல்லாவிட்டால் இன்றைக்கு ஏகனாபுரத்தில் இருக்கும் பந்தல் மதுராந்தகம் பக்கம் இருந்திருக்கலாம்.

சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. மீனம்பாக்கத்தில் நெரிசல் இருப்பது உண்மை. நிலம் எடுக்க அரசால் மட்டுமே முடியும் என்பதும் உண்மை. தனியார் நடத்தினாலும் நிலத்தை அரசுதான் எடுத்துக் கொடுக்கும். ஆக, 'அரசு விலகட்டும்' என்பது இந்த இடத்தில் வெறும் பேச்சு. வானத்தில் வழி யாருக்கு, ராத்திரி எத்தனை மணி வரை சத்தம், நிலம் யாருடையது என்று தீர்மானிக்கும் இடத்திலெல்லாம் அரசு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அது யார் கணக்கைப் பார்க்கிறது என்பதில்தான் வழக்கு.

அடுத்த முறை கேட்க வேண்டியவை

புதிய சூப்பர்சானிக் விமானங்கள் இடியை அடக்கிவிடும் என்கிறார்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒலியின் வேகத்தைக் கொஞ்சம் மட்டும் தாண்டி உயரத்தில் பறந்தால், அந்த அலை தரையைத் தொடுமுன் மேல்நோக்கி வளைந்துவிடும்; எக்ஸ்பி-1 அப்படித்தான் பறந்தது. எக்ஸ்-59 விமானத்தின் நீண்ட மூக்கும் உடலும் இடியை ஒரு 'தொம்' என்ற சத்தமாகக் குறைப்பதற்காக வடிவமைத்தவை. நிஜமாகவே குறைந்தால் வரவேற்கலாம். வேகத்தை வைத்துத் தடை போடுவதைவிடத் தரையில் கேட்கும் சத்தத்தை அளந்து விதி போடுவது அறிவுள்ள காரியம்தான். ஆனால் அளப்பது நம் தரையில் இருக்க வேண்டும். எண்ணை விற்கிறவர் சொல்லக் கூடாது.

அரசு இப்படி ஒரு திட்டத்தோடு வரும்போது, அது சூப்பர்சானிக்கோ விமான நிலையமோ, மூன்று கேள்வி போதும். நடுவில் நிறுத்த வழி வைத்திருக்கிறீர்களா? ஏறுகிறவர் யார், கீழே கேட்கிறவர் யார் என்று இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டீர்களா? கட்டிய செலவையும் சேர்த்த பிறகு லாபமா? கான்கார்டு இந்த மூன்றிலும் தோற்றது. ஏர் இந்தியா மூன்றாவதில் தோற்றது. பரந்தூரில் இரண்டாவது கேள்விக்கே ஏகனாபுரம் இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.